ஓட்டு வீட்டுக் கட்டர் ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

காங்கேயத்துக்காரன்:

வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாரு (தாத்தா) கட்டிய தொட்டிக்கட்டு வீடு. சீமை ஓடு (மங்களூர் ஓடு), நடுவில் திறந்த வாசல் (முற்றம்), முன்னால் ஆசாரம் (கூடம்), பின்னால் பொடக்காளி (புழக்கடை). வாசலைச் சுற்றி நாலு பக்கமும், தெருப்பக்கம் ஒரு நீளத்துக்கும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகரத்தில், கூரைத் தண்ணீரைப் பிடித்துப் பைப்புக்குக் கொண்டுபோகிற கட்டர் ஓடுகிறது. அது அப்பா காலத்தில் போட்டது.

இப்போது மூன்று இடத்தில் சந்தேகமாக இருக்கிறது. ஆசாரத்தின் தெருப்பக்கச் சுவரில், உள்பக்கம் கூரையை ஒட்டி ஒரு முழத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிர்கிறது. வாசலின் வடகிழக்கு மூலையில், இரண்டு சரிவும் சேர்கிற கூடுவாய்க்குக் கீழே, ஓட்டைத் தாங்குகிற கைமரத்தின் நுனி கறுத்துப்போய் நகத்தை வைத்து அமுக்கினால் உள்ளே இறங்குகிறது. தெருவில் பைப் இறங்குகிற இடத்தில் திண்ணை லேசாக உட்கார்ந்து, சுவருக்கும் திண்ணைக்கும் நடுவில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைகிற அளவுக்குக் கீறல் விட்டிருக்கிறது.

கீழே நின்று பார்த்தால் கட்டரில் ஓட்டை எதுவும் தெரியவில்லை, பெயிண்ட் கூட நன்றாகத்தான் இருக்கிறது. வந்து பார்த்தவர்களில் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு பிவிசி போட்டுவிடலாம் என்கிறார், இன்னொருவர் இணைப்பு இருக்கிற இடமெல்லாம் தார் ஊற்றி எம்-சீல் வைத்தால் போதும் என்கிறார். எங்கே ஒழுகுகிறது என்று மட்டும் இரண்டு பேருமே காட்டவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது, ஐப்பசி அடைமழைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கெட்டது கட்டரா ஓடா என்று நாமே எப்படிக் கண்டுபிடிப்பது? இனிமேல் கெடாமல் இருக்க என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

ஈரோடு_பட்டறை:

தம்பி, தாரை முதலில் மறந்துவிடுங்க. தார் ஊற்றினால் ஓட்டை அடைகிறதோ இல்லையோ, ஓட்டை இருந்த இடம் மறைந்துபோகும். சித்திரை வெயிலில் அது வெடித்துப் பிளந்த பிறகு அடியில் ஈரம் தங்கித் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். அதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அப்புறம் எவன் வந்தாலும் வேலை செய்ய முடியும், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான் விழும்.

மழை பெய்யும்போது பாருங்க. இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. மழை பிடித்துக் கால் மணி நேரம் போகட்டும், ஓட்டுத் தூசியெல்லாம் கழுவி இறங்கட்டும், அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போய் கட்டரின் வெளி விளிம்பையும் சுவர்ப் பக்கத்து விளிம்பையும் தனித்தனியாகக் கவனியுங்க. வெளி விளிம்பைத் தாண்டிக் கொட்டினால் எங்கேயோ அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் பைப் பத்தவில்லை. சுவர்ப் பக்கமாக வழிந்தால் தகரம் உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. அடியில் ஒரே இடத்தில் சொட்டிக்கொண்டே இருந்தால் இணைப்பு விட்டிருக்கும் அல்லது துருவில் துளை விழுந்திருக்கும். ஓட்டுக்கும் கட்டருக்கும் நடுவில் தண்ணீர் இறங்கினால் கட்டரில் குற்றம் இல்லை, ஓடு போதுமான அளவுக்கு வெளியே நீட்டவில்லை என்று அர்த்தம். கடைசி வரிசை ஓட்டின் மூக்கு கட்டருக்குள் இரண்டு இன்ச்சாவது வந்திருக்க வேண்டும். நாலும் நாலு வியாதி, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்கிறவரை நம்பாதீங்க.

மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால் ஓஸ் பைப்பை எடுத்துக்கொள்ளுங்க. முதலில் கட்டருக்குள் மட்டும் தண்ணீர் விட வேண்டும், அதுவும் பைப் இறங்குகிற இடத்துக்கு எதிர்க் கோடியில் இருந்து. அதில் ஒழுகல் இல்லை என்றால் அப்புறம் ஓட்டின் மேல் விடுங்க. வரிசையை மாற்றினால் எது ஒழுகுகிறது என்று கடைசி வரை பிடிபடாது. மறுநாள் காலையில் ஏணி போட்டு எட்டிப் பார்த்தால் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று தெரியும். தேங்குகிற இடம்தான் முதலில் அரிக்கும்.

வாட்டம் (பைப்பை நோக்கின சரிவு) 10 அடிக்குக் குறைந்தது கால் இன்ச் வேண்டும். அரை இன்ச் கொடுத்தால் நம் ஊர்த் தூசிக்கும் இலைக்கும் இன்னும் நல்லது. கொத்தனாரிடம் இருக்கிற டியூப் லெவலை இரண்டு கோடியிலும் பிடித்தால் இரண்டு நிமிட வேலை. மொத்த வாட்டம் சரியாக இருந்தும் நடுவில் தேங்குகிறது என்றால் கிளாம்ப் பத்தாமல் தகரம் தொப்பை போட்டிருக்கிறது. 2 அடியில் இருந்து 3 அடிக்குள் ஒரு கிளாம்ப் இருக்க வேண்டும். பழைய வேலைகளில் இரண்டு கைமரம் விட்டு ஒன்று அடித்திருப்பார்கள், அன்றைக்குத் தகரம் கனமாக இருந்தது, தாங்கியது.

பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறீங்க. துரு எப்போதும் உள்ளே இருந்துதான் வரும், அடியில் சேறு படிகிற கோட்டில். சேற்றை வழித்து எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்க. நல்ல தகரம் கணீரென்று பேசும், அரித்த இடம் மொத்தென்று இருக்கும். வெயில் நேரத்தில் கட்டருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஊசித் துளை கூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும், அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்க. இணைப்பில் யாராவது சிமெண்டுக் கலவை வைத்துப் பூசியிருந்தால் அந்த இடத்தை விடாமல் பாருங்க. ஈரச் சிமெண்டு ஜிஐ மேலே இருக்கிற துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும், சிமெண்டு ஒட்டியிருந்த ஓரத்திலேயே தகரம் பிய்ந்து வரும்.

உங்கள் ஆசாரத்துச் சுவருக்கு என் சந்தேகம் சாய்வின் மேல்தான். வெளி விளிம்பு உள் விளிம்பைவிட அரை இன்ச்சாவது தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் எப்போதாவது நிரம்பி வழிந்தாலும் தெருவில் விழும். மாறியிருந்தால் அத்தனையும் சுவர்த் தலைக்குள் இறங்கும், கீழே நிற்கிறவருக்கு ஒரு சொட்டு கூடத் தெரியாது.

ஆனைமலை_அடிவாரம்:

பட்டறை அண்ணா தகரத்தைச் சொல்லிவிட்டார், நான் குப்பையைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பாதி ஒழுகல் குப்பையால்தான், தகரத்தில் ஒன்றும் இருக்காது.

எங்களுக்கு ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் விடாமல் வரும், அதனால் வைகாசியிலேயே ஏறிச் சுத்தம் செய்துவிடுவோம். உங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்துக்கு ஆடியில் வெறும் காற்றுதான், மழை ஐப்பசி கார்த்திகையில். ஆடிக் காற்று மூன்று மாதம் கொண்டுவந்து சேர்த்த புழுதி, சருகு எல்லாம் கட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு முதல் மழையில் ஊறிச் சேறாகி, அப்படியே பைப் வாயில் போய் நிற்கும். ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய நேரம் இதுதான், காற்று நின்ற பிறகு, மழைக்கு முன்னால். வீட்டை ஒட்டி வேப்ப மரம் இருந்தால் பங்குனியில் இலை கொட்டி முடிந்ததும் இன்னொரு தடவை பாருங்க, சித்திரையில் ஒரு கோடை மழை அடித்தால் போதும், எல்லாம் வாயில் வந்து சொருகிக்கொள்ளும்.

கட்டர் முழுக்க பிளாஸ்டிக் வலை போட்டால் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டில் அது சரிப்படவில்லை. வேப்பிலை மேலே நின்றாலும் அதன் ஈர்க்கு வலைக் கண்ணில் குத்திக்கொண்டு நிற்கும், அதன் மேல் புழுதி படியும், கடைசியில் தண்ணீர் வலைக்கு மேலேயே ஓடி வெளியே கொட்டும். புளிய இலை என்றால் வலையைத் தாண்டி உள்ளேயே போய்விடும். அதற்குப் பதில் பைப் வாயில் மட்டும் கம்பி வலையைக் கூண்டாக வளைத்து, மூன்று நாலு இன்ச் உயரத்துக்கு நிற்கிற மாதிரி வையுங்க. தட்டையாக ஜல்லடை வைத்தால் ஒரே ஒரு தேக்கு இலை போதும் மூடிவிட. கூண்டு என்றால் அடியில் அடைத்தாலும் மேலே இருந்து தண்ணீர் இறங்கும்.

மயிலையும் கணக்கில் எடுங்க. இப்போது எந்தத் தோட்டத்தில்தான் மயில் இல்லை? ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்து, தாவும்போது கட்டர் விளிம்பை மிதித்துத் தள்ளிவிடும், மூக்கு ஓடும் உடையும். தென்னை மரம் கூரைக்கு மேல் சாய்ந்திருந்தால் மட்டை விழுந்து தகரத்தில் குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும். அதிலேயே டெங்கு கொசு முட்டை வைத்துவிடும், முட்டையில் இருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். பேரூராட்சி ஆட்கள் தொட்டியையும் டயரையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், கூரை மேலே யாரும் பார்ப்பதில்லை.

ஏறும்போது ஒரு விஷயம் அண்ணா. பாசி பிடித்த ஓட்டில் ஈரத்தோடு கால் வைக்கவே வைக்காதீங்க. முடிந்தவரை ஏணியில் நின்றே வேலை பாருங்க, நகர வேண்டும் என்றால் இறங்கி ஏணியை நகர்த்துங்க, எட்டிப் பிடிக்க வேண்டாம். கம்பத்தில் இருந்து வருகிற சர்வீஸ் ஒயர் கட்டருக்குப் பக்கத்தில் போகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்க, அலுமினிய ஏணி அந்தப் பக்கமே போகக் கூடாது. வெறும் கையால் சேற்றை வழிக்காதீங்க, குளவிக் கூடு இருக்கும், தகரத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும்.

கொடுமுடி_தாத்தா:

எல்லோரும் கட்டரை எப்படிக் காப்பாற்றுவது என்று பேசுகிறீங்க. வாசலைச் சுற்றி கட்டர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

தொட்டிக்கட்டு வீடு கட்டின காலத்தில் இந்தத் தகரமெல்லாம் கிடையாதுங்க. இறவாரத்தை (கூரையின் வெளி விளிம்பை) நன்றாக நீட்டி விட்டிருப்பார்கள், தண்ணீர் விழுகிற கோட்டில் கல் பாவியிருப்பார்கள், நாலு பக்கத்துத் தண்ணீரும் வாசலில் விழுந்து சலதாரை வழியாக வெளியே போய்விடும். வாசல் பள்ளமாக இருப்பதே அதற்குத்தான். அப்புறம் யாரோ மழையில் நனையாமல் வாசலைக் கடக்க வேண்டும் என்று கட்டர் அடித்தார்கள், அதற்கு கைமர நுனியில் ஆணி இறக்கினார்கள், அந்த ஆணி வழியாகத் தண்ணீர் மரத்துக்குள் போகிறது. தேக்கோ வேங்கையோ எதுவாக இருக்கட்டும், நுனி எந்நேரமும் ஈரமாக இருந்தால் கறுக்கத்தான் செய்யும், அப்புறம் கரையான் வரும். கோவை, ஈரோடு ஜில்லாவில் வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தாலே நல்ல வருடம் என்கிறோம். அதற்கு நாலு பக்கமும் தகரம் கட்டித்தான் ஆக வேண்டுமா?

என்னைக் கேட்டால் வாசல் பக்கத்துத் தகரத்தைக் கழற்றிவிடுங்க. சலதாரையைத் தோண்டிச் சுத்தம் செய்யுங்க, பாவின கல் பெயர்ந்திருந்தால் திருப்பிப் பதியுங்க. செலவு மிச்சம்.

பல்லடம்_சைட்:

ஐயா சொல்வதில் உள்வாசலைப் பொறுத்தவரை எனக்குச் சம்மதம்தான், ஒரு நிபந்தனையோடு. இறவாரம் நீட்டமாக இருக்க வேண்டும், கீழே கல் பாவியிருக்க வேண்டும். இப்போது நிறைய வீடுகளில் வாசலை மேடாக்கி டைல்ஸ் போட்டு சலதாரையைப் பாதி அடைத்துவிட்டார்கள், அங்கே தகரத்தைக் கழற்றினால் ஆசாரத்துக்குள் தண்ணீர் வரும். அதோடு மண் தரையில் தண்ணீர் நேராக விழுந்தால் சேறு தெறித்துச் சுவரின் அடி ஒரு முழத்துக்கு நனைந்துகொண்டே இருக்கும், சுண்ணாம்புக் காரை அங்கே இருந்துதான் உதிர ஆரம்பிக்கும்.

ஆனால் தெருப்பக்கம் கட்டர் இல்லாமல் முடியாது. தெருப்பக்கச் சரிவு தரையில் அளந்தால் 40 அடிக்கு 12 அடி என்று வைத்துக்கொள்வோம், 480 சதுர அடி, மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 44 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 1 லிட்டர். ஐப்பசியில் ஒரு ராத்திரிக்கு 50 மில்லிமீட்டர் அடிப்பது நம் பக்கமும் உண்டு, அப்படிப் பார்த்தால் 2,200 லிட்டர். அத்தனையும் ஒரே பைப்பில் இறங்கித் திண்ணையின் காலடியில் ஒரே இடத்தில் விழுகிறது. திண்ணை என்பது பெரும்பாலும் உள்ளே மண் கொட்டி மேலே பூசினதுதானே. அடியில் தண்ணீர் புகுந்து நிரப்பின மண்ணை அரித்துக்கொண்டு போனால் மேலே உட்காரத்தான் செய்யும். வீட்டுச் சுவருக்கு அஸ்திவாரம் தனி, அதனால் அது நிற்கிறது, நடுவில் கீறல். இப்போதைக்குப் பயப்பட வேண்டியதில்லை, ஆனால் விடக் கூடாது. கீறலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வையுங்க, தாண்டி ஓடுகிறதா என்று மழைக்கு அப்புறம் தெரியும். சுவரிலேயே கீறல் ஏறினால் நேரில் ஆளை வரவழைத்துக் காட்டிவிடுங்க.

எங்கள் பல்லடம், உடுமலை பக்கத்துக் கரிசலாக இருந்தால் இதே விஷயம் இன்னும் மோசம். நனைந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவரின் ஒரு மூலை மட்டும் வருடா வருடம் ஏறி இறங்கும். காங்கேயம் பக்கம் செம்மண்ணும் சரளையும்தான் அதிகம் என்பதால் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

பைப் விஷயத்தில் மூன்று. ஒன்று, 75 மில்லிமீட்டர் பைப் இருந்தால் 110க்கு மாற்றுங்க. இரண்டு, கட்டரில் இருந்து சுவருக்கு வளைகிற இடத்தில் 90 பாகை எல்போ இரண்டை அடுத்தடுத்து மாட்டியிருப்பார்கள், இலை சிக்குவதற்கென்றே செய்த இடம் அது, 45 பாகை பெண்டு இரண்டு போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று, தண்ணீரைச் சுவரை விட்டு நாலடியாவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்க. போர்த் தண்ணீர் உப்பு என்று நம் பக்கம் எல்லோரும் அழுகிறோம், மழைநீர்ச் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது, தெருவில் விடுவதற்குப் பதில் அந்தக் குழிக்கே கொடுத்துவிடலாம். குழியைச் சுவரை ஒட்டித் தோண்டிவிடாதீங்க, அப்புறம் இவ்வளவு பேசியும் பிரயோஜனம் இல்லை.

உப்புப் பூத்த சுவருக்கு இப்போது பெயிண்ட், புட்டி எதுவும் வேண்டாம். ஒழுகலை நிறுத்திவிட்டு, பொரிந்ததைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிவிட்டு சும்மா விடுங்க. ஒரு கோடை முழுக்கக் காயட்டும். பழைய சுண்ணாம்புச் சுவர் மேல் தண்ணீர் புகாத பெயிண்ட் என்று எதையாவது அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் வேறு இடத்தில் போய்ப் பொரியும்.

காங்கேயத்துக்காரன்:

எல்லோருக்கும் நன்றிங்க. எழுதி வைத்த மாதிரி மழையும் வந்தது, சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் நல்ல மழை. குடையோடு நின்று பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரர் நாய் தொலைந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறை அண்ணா சொன்னது அப்படியே. தெருப்பக்கம் கட்டரின் நடுப் பகுதியில் தண்ணீர் நிரம்பி, வெளியே ஒரு சொட்டு விழாமல், சுவர்ப் பக்கம் மட்டும் படலமாக இறங்குகிறது. மறுநாள் ஏறினால் பைப் வாயில் வேப்ப ஈர்க்கும் சேறும் கலந்து கெட்டியாக அடைத்திருந்தது, அதில் ஒரு வேப்பங்கன்று வேறு முளைத்து நாலு இலை விட்டிருந்தது. சுத்தம் செய்து ஓஸ் விட்டதில் ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் இரண்டு கிளாம்ப் கழன்று தகரம் உள்பக்கம் சாய்ந்திருப்பதும் உண்மை. தட்டிப் பார்த்த வரையில் தகரம் கணீரென்றுதான் இருக்கிறது.

பைப்பில் கீழ் இணைப்பில் தண்ணீர் பீச்சியடிக்கிறது, அது நேராகத் திண்ணை மேலேயே விழுகிறது. சாக்கெட் தலைகீழாக இருக்கிற மாதிரி தெரிகிறது, அதாவது அகலமான வாய் கீழே பார்த்து இருக்கிறது.

வடகிழக்கு மூலைதான் புரியவில்லை. அங்கே கட்டர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் கைமர நுனி நனைகிறது. ஓடு இரண்டைத் தூக்கிப் பார்த்ததில் கூடுவாய்த் தகட்டில், ஓட்டின் ஓரம் உட்கார்ந்திருக்கிற கோட்டில், வரிசையாகச் சின்னச் சின்னத் துளை. நடுவில் வெயில் படுகிற இடம் பளபளவென்று இருக்கிறது. இதை மட்டும் ஒட்டுப் போட முடியுமா?

ஈரோடு_பட்டறை:

கூடுவாய்க்கு ஒட்டுப் போடாதீங்க, மாற்றிவிடுங்க. இரண்டு சரிவுத் தண்ணீரும் ஓடுகிற இடம் அது, வீட்டிலேயே அதிக வேலை செய்கிற தகடு. நடுவில் பளபளப்பாக இருப்பதும் ஓரத்தில் துளை விழுவதும் சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் தண்ணீர் ஓடிக் கழுவிவிடும், காய்ந்தும் விடும். ஓட்டின் அடியில் புழுதியும் சருகும் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மழை நின்ற பிறகும் நாள்கணக்கில் அரிக்கும். கட்டரில் தேடிக்கொண்டே இருந்திருந்தால் கைமரம் முழுக்கப் போயிருக்கும்.

புதுத் தகடு 24 கேஜைவிட மெல்லிசாக இல்லாமல் வாங்குங்க (கேஜ் எண் கூடினால் தகடு மெல்லிசு), ஒரு பக்கம் 9 இன்ச்சாவது ஓட்டுக்கு அடியில் போகிற அகலம் வேண்டும். இரண்டு ஓரத்திலும் முக்கால் இன்ச் மேல்நோக்கி மடித்துவிடச் சொல்லுங்க, காற்றோடு மழை அடித்தால் தண்ணீர் பக்கவாட்டில் ஏறிக் குதிக்காமல் அந்த மடிப்புதான் தடுக்கும். பல பேர் மடிப்பை விட்டுவிட்டு வெறும் தகட்டைச் சொருகிவிட்டுப் போகிறார்கள். துண்டுகளாகத்தான் கிடைக்கிறது என்றால் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் 6 இன்ச் ஏறி உட்கார வேண்டும், கீழே இருந்து மேலே வேலை செய்துகொண்டு போக வேண்டும். ஆணி ஓரத்தில் மட்டும், நடுவில் ஒன்று கூட அடிக்கக் கூடாது. இரண்டு பக்கத்து ஓடுகளையும் வெட்டி நடுவில் நாலு இன்ச் திறந்து விடுங்க. அழகுக்காக ஓட்டை நெருக்கி வைத்து கலவை பூசி அடைப்பார்கள், அதற்குச் சம்மதிக்காதீங்க, இலை சிக்கினால் மறுபடி இதே கதை.

தகட்டை மாற்றும் முன்னால் கைமரத்தைத் தச்சரிடம் காட்டிவிடுங்க. நுனி மட்டும் அழுகியிருந்தால் நல்ல மரம் வருகிற வரைக்கும் வெட்டிவிட்டுப் பக்கத்தில் துணைக்கட்டை சேர்த்து போல்ட் போட்டுவிடலாம். ஒட்டுக்கா (ஒரேயடியாக) செய்தால் ஓட்டை ஒரு தடவைதான் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும்.

சாக்கெட் விஷயம் நீங்கள் சொல்வது சரி. அகலமான வாய் எப்போதும் மேலே பார்க்க வேண்டும், மேல் பைப் அதற்குள் இறங்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு எத்தனை சிலிக்கான் பூசினாலும் பீச்சத்தான் செய்யும்.

தெருப்பக்கத்துக்குப் புதுக் கட்டர் வேண்டாம். தகரம் நன்றாக இருக்கும்போது கிளாம்ப்பை மட்டும் நெருக்கி அடித்து, சாய்வைத் திருப்பி, உள்ளே கம்பி பிரஷ் போட்டு, ஜிஐக்கு என்று இருக்கிற பிரைமர் அடித்து அப்புறம் பெயிண்ட். நேராக எனாமல் அடித்தால் இரண்டு வருடத்தில் தோல் தோலாக உரிந்துவிடும். பிவிசி கெட்டது என்று சொல்ல மாட்டேன், துருப் பிடிக்காது, கோழிப் பண்ணைக்குப் பக்கத்து வீடு என்றால் நானே அதைத்தான் சொல்வேன், அந்த அம்மோனியா காற்றில் ஜிஐ நிற்பதில்லை. ஆனால் வெயிலில் நீளும். 6 மீட்டர் நீளத்துக்கு காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் 1 சென்டிமீட்டர் வரை வித்தியாசம் வரும், அதற்கு இணைப்பில் இடம் விடாமல் இறுக்கி ஒட்டிவிட்டுப் போனால் வளைந்து நெளிந்து பிடுங்கிக்கொள்ளும். போடுகிறவர் அந்த இடைவெளியைப் பற்றிப் பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்க, பேசவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்க.

காங்கேயத்துக்காரன்:

சரிங்கண்ணா, தெருப்பக்கம் கிளாம்ப், பைப், கூடுவாய்த் தகடு, இந்த மூன்றும் ஐப்பசிக்குள். வாசல் பக்கத்துக் கட்டர் விஷயத்தில் தாத்தா சொன்னதுக்கு வீட்டில் ஓட்டெடுப்பு நடக்கிறது, அம்மா தாத்தா பக்கம், வீட்டுக்காரி நனைய முடியாது என்கிறாள். தை பிறந்த பிறகு முடிவு செய்துகொள்கிறோம்.

மூலையில் ஓடு இறக்கினால் எப்படியும் கொஞ்சம் உடையும். அதே மாதிரி பழைய ஓடு எங்கே தேடுவது?

கொடுமுடி_தாத்தா:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

ஓட்டைத் திருப்பி முதுகைப் பாருங்க, கம்பெனி முத்திரை இருக்கும். சீமை ஓடு எல்லாம் ஒன்று என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. மங்களூரில் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த பிறகு கேரளம் வரைக்கும் எத்தனையோ கம்பெனிகள் வந்தன, ஒவ்வொருவர் அச்சும் ஒவ்வொரு மாதிரி. வேற்று அச்சு ஓட்டை நடுவில் சொருகினால் பள்ளமும் மேடும் பூட்டிக்கொள்ளாமல் இடுக்கு விடும், அதில் புதுசாக ஒரு ஒழுகல் ஆரம்பிக்கும். கையில் ஒரு ஓட்டை எடுத்துக்கொண்டு பழைய வீடு இடித்த சாமான் விற்கிற இடங்களில் மாட்டிப் பார்த்து வாங்குங்க. கிடைக்கவில்லை என்றால் பொடக்காளிப் பக்கத்துக் கூரையில் இருந்து அதே அச்சு ஓட்டைக் கழற்றி மூலைக்குப் போட்டுவிட்டு, பொடக்காளிக்குப் புது ஓடு வாங்கி ஒரே வரிசையாகப் போட்டுவிடுங்க. வாங்கும்போது தட்டிப் பார்த்து வாங்குங்க, இரண்டு டஜன் கூட வாங்கி அட்டாலியில் (பரணில்) போட்டு வையுங்க, மயில் இருக்கிற ஊர்.